முந்திச் சொன்ன சாட்சி

நான் மாத்திரையை நிறுத்துவதற்கு மூன்று நாள் முன்பே, நிறுத்திவிட்டதாகச் சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று எழுந்திருக்கவில்லை. பேச்சு தானாக அந்தப் பக்கம் போனது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை உண்மையாக்க நான் பட்ட பாடு. அதில் என் உயிர் போயிருக்கலாம். என் பேச்சைக் கேட்ட இன்னொருத்தியின் உயிரும் போயிருக்கலாம். அவள் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் சபை திருத்தணியில் ரயில் பாதைக்கு அந்தப் புறம், ஓர் அரிசி மண்டிக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். அதற்கு என்று ஒரு நடை இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். முதலில் வியாதியைச் சொல்ல வேண்டும். பிறகு டாக்டர் உதட்டைப் பிதுக்கியதை. பிறகு ஜெபத்தை. கடைசியில், 'இப்போ ஒரு மாத்திரைகூட இல்லாம நல்லா இருக்கேன்' என்று முடிக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் கொட்டகை முழுக்க அல்லேலூயா எழும்பும். முட்டி வலியானாலும் சர்க்கரையானாலும் கர்ப்பப்பைக் கட்டியானாலும் அங்கேதான் போய் நிற்கும். வாராவாரம் அதைக் கேட்டுப் பழகியவன் வாயில் அது தானாக வந்துவிடும்.

என் வியாதியின் பெயர் எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. டாக்டர் மனச்சோர்வு என்றார். அதுவரை அப்பாவுக்கு அது சோம்பேறித்தனம், அம்மாவுக்குக் காற்று சேஷ்டை. நான் அதை ஊர் சலித்துப்போவது என்று நினைத்திருந்தேன். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். ஒன்பதாவது வகுப்பில் பாதியில் நின்று, ஒரு வருஷம் விசைத்தறி ஓட்டி, அதையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் கல் குவாரி, நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டை. எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. முதலில் சாப்பாட்டில் ருசி போகும். பிறகு, பக்கத்தில் நின்று பேசுகிறவர்களின் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அது தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். புது ஊரில் ஆறு மாதம் நன்றாகப் போகும். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

ரேணிகுண்டாவில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலையில் இருந்தபோது ரயில் ஏற முடியவில்லை. ஸ்டேஷன் நடந்து போகும் தூரம்தான். மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒதுக்கிய இடத்தில் படுத்தவன் பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வாளி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கை போகவில்லை. மேனேஜர் என் போனை எடுத்து, நான் கடைசியாகப் பேசியிருந்த எண்ணுக்கு அடித்தார். அது என் அக்கா. அவள் வீட்டுக்காரர் திருத்தணியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். பாவா பர்மிட்டைப் பற்றியெல்லாம் யோசிக்காமல் ஆட்டோவிலேயே எல்லை தாண்டி வந்து, என்னைச் சுருட்டிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போனார். வழியில் நகரியில் மட்டும் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடிக்கவில்லை. ஆறியதும் அவரே குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அக்கா இரண்டு காரியம் செய்தாள். என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு, வாரத்தில் ஒரு நாள் வருகிற மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அதே வாரம் மலைக்குப் போய், தம்பி எழுந்து நடமாடினால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன், அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மாத்திரை அட்டையைத் தன் புடவை பீரோவில் வைத்துக்கொண்டாள். காலையில் டிபன் முடிந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை எதிரே நிற்பாள்.

மூன்று மாதத்தில் எழுந்து நடமாடினேன். ஒரு பந்தல் மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சவுக்குக் கழி நட்டு, குறுக்கே கழி கட்டி, மேலே தகரம் ஏற்றுகிற வேலை. எனக்கு உயரத்தில் பயம் கிடையாது என்பதால் எப்போதும் மேலேதான் விடுவார்கள். நடமாடினேன் என்பதுதான் சரியான சொல். மாத்திரை என்னைக் குழியிலிருந்து எடுத்துத் தரையில் விட்டிருந்தது. தரையில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அரிசி மண்டிக்குப் பின்னால் ஒரு கூட்டத்துக்குப் பந்தல் போட மேஸ்திரி அனுப்பினார். மூன்று நாள் உபவாசக் கூட்டம். மூன்றாம் நாள் சாயங்காலம் பந்தலைப் பிரிக்கப் போனால் கூட்டம் முடியவில்லை. கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். முப்பது பேர் இருக்கும், பாடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் பாடினார்கள் என்று சொல்ல முடியாது. முடிந்ததும் உபவாசம் விடுவதற்குக் கஞ்சி ஊற்றினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. வாயில் வைத்ததும் உப்பு தெரிந்தது. கஞ்சியில் உப்புப் போடுவார்கள், அதில் என்ன அதிசயம் என்று நினைப்பீர்கள். எனக்கு இரண்டு வருஷமாக நாக்கில் எதுவும் தெரியவில்லை. இன்னொரு தட்டு கேட்டேன். ஊற்றிய அம்மா, பந்தல்காரருக்குத்தான் நெஜமான உபவாசம் போல என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கிறேன் என்று தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

மாத்திரையும் அப்போதுதான் முழுசாக வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறும் என்னைப் போகவைத்தது மாத்திரை இல்லை. அங்கே நான் யார், ஏன் ஊர் ஊராகச் சுற்றினேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்காக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினார். தெரியாத ஒருவனுக்காக ஒருவர் இவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதை நான் பார்த்ததில்லை. சில மாதத்தில் காலையில் எழும்போது இன்றைக்கு என்ன இருக்கிறது என்று ஓர் ஆவல் வர ஆரம்பித்தது. கழி மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டே கட்டுவேன். கூட வேலை செய்பவர்கள் எனக்குப் பாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். "இன்னா பாஸ்டரு, மேல ஜெபம் பண்ணிகினு கீறியா? கழிய கட்டுயா" என்பார் மேஸ்திரி. பள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு பம்புசெட் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தேன். அக்கா வரவில்லை. பாவா வந்து, வரப்பில் தள்ளி நின்று என் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு நான் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கவலையில்லை. மொட்டைதான் அவள் கவலை. போட மாட்டேன் என்றேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனுக்கு இருக்கிற முறைப்பு எனக்கும் இருந்தது.

"நீ யார வேணா கும்புடு. மொட்ட நான் வேண்டிகினது. அது எனக்கும் முருகனுக்கும் நடுவுல" என்றாள். அதற்கு மேல் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பேசாமல் என்னைக் கவனிக்க ஆரம்பித்தாள். வேண்டுதல் பாக்கி நிற்கிற வீட்டில் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கிறவள் பார்வை அது.

வைகாசியில் ஒரு ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தேன். ரேணிகுண்டா மாடிப்படியைச் சொன்னேன், வாளியைச் சொன்னேன், கஞ்சியைச் சொன்னேன். எல்லாம் உண்மை. கொட்டகை அசையாமல் கேட்டது. கஞ்சியோடு முடித்திருக்கலாம். எல்லாரும் இன்னும் காத்திருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் வாய் முடிவுக்குப் போய்விட்டது. இப்போ ஒரு மாத்திரைகூட இல்லாம நல்லா இருக்கேன். அல்லேலூயா தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அன்று காலை விழுங்கிய மாத்திரை என் வயிற்றில்தான் இருந்தது.

எங்கள் சபைப் பாஸ்டர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அரக்கோணத்துக்காரர். மாத்திரையை விடு என்று அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை, அதை இங்கே எழுதியாக வேண்டும். அவர் செய்தது, என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆனி மாதத்தில் கிராமங்களில் நடக்கிற கூட்டங்களுக்கு வந்து இதையே சொல்ல வேண்டும் என்று கேட்டது மட்டும்தான். சரி என்றேன். மூன்று நாள் யோசித்தேன். சொன்னது பொய் என்று போய்ச் சொல்வதைவிட அதை உண்மையாக்கிவிடுவது சுலபம் என்று பட்டது. விசுவாசம் என்றால் அதுதானே என்றும் பட்டது. நான்காம் நாள் காலை அக்கா எதிரே நிற்க, மாத்திரையை நாக்குக்குக் கீழே அடக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். தெருமுனைச் சாக்கடையில் துப்பினேன்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடச் சுறுசுறுப்பாகவே இருந்தேன். இரண்டாவது வாரம் தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே கரண்ட் அடித்ததுபோல ஓர் உதறல். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்றேன். பாவா தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

இது சோதனை, விசுவாசம் குறைந்ததால் வருகிறது என்று முடிவு செய்து புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தேன். மாத்திரை என்ற எண்ணமே வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தது. வந்தபோதெல்லாம் அதைச் சாத்தானின் பேச்சு என்று விரட்டினேன். நான் மறுபடி சோர்ந்துபோவதை அக்காவும் பார்த்துவிட்டாள். அவளுக்கு இது வேண்டுதல் பாக்கியால் வருவது. ஒருநாள் பாயைச் சுருட்டும்போது, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து என் தலைமாட்டில் வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரே வீட்டில் அவள் ஒரு காரணத்துக்குப் பயந்தாள், நான் ஒரு காரணத்துக்குப் பயந்தேன். உண்மையான காரணம் தினமும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

ஆனி மாதம் இரண்டு கூட்டங்களில் சாட்சி சொன்னேன். இரண்டாவது, ஆர்.கே.பேட்டைக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே ஒரு ஊரில். மைக்கில் பேசும்போது என் குரலே அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல எனக்குக் கேட்டது. கடைசி வாக்கியம்வரை தடுமாறாமல் சொன்னேன். கீழே இறங்கியதும் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், தலைமுடியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தறி வீடு என்று கேட்காமலே தெரிந்தது. "நானும் அந்த மாத்திரதாங்ணா சாப்புடறேன். ரெண்டு வருசமா. நீங்க எப்டி நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அப்போது சொன்னது, விசுவாசியுங்க என்று ஒரே வார்த்தை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் கை கொடுத்தார். அவளை மறந்துவிட்டேன்.

ஆடி பிறந்ததும் மலை மேல் வேலை தொடங்கியது. கிருத்திகைக்குக் காவடியோடு வருகிற கூட்டம் வரிசையில் நிற்க, படிக்கட்டு முடிகிற இடத்திலிருந்து தகரப் பந்தல் போட வேண்டும். என் சபையில் சிலருக்கு நான் அங்கே வேலை செய்வது பிடிக்கவில்லை. வெயிலில் நிற்கிறவனுக்கு நிழல் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேலே கழியில் உட்கார்ந்தால் கீழே ஊர் முழுக்கத் தெரியும், ரயில் பாதையும் தெரியும். இருபது வருஷமாக எந்தக் கஷ்டத்திலும் எனக்கு ரயிலைப் பார்த்தால் ஏறத் தோன்றும். அந்த வாரம் ஒரு நாளைக்கு எத்தனையோ ரயில் போனது. ஒன்றிலும் ஏறத் தோன்றவில்லை. வேறு ஊருக்குப் போகக்கூட ஆசையில்லாமல் ஒரு மனிதன் இருந்தால் அவனைத் தனியாக விடக் கூடாது. இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம். காற்று பலமாக இருந்தது, கட்டாத தகரங்கள் அடித்துக்கொண்டிருந்தன. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் பசியில்லை என்று மேலேயே இருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விட்டால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பு பயமாக இல்லை. யாரோ டீ சாப்பிடலாமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாக இருந்தது. ஜெபிக்கவில்லை. ஜெபிக்கலாம் என்று தோன்றக்கூட இல்லை.

கீழே பார்த்தேன். எனக்கு நேர் கீழே, பாதி போட்ட நிழலில், முன்கூட்டியே வந்துவிட்ட ஒரு குடும்பம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. புருஷன், பெண்டாட்டி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவர். விழுந்தால் அவர்கள் மேல்தான். சரி, சாப்பிட்டு எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் காத்திருந்தேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை. கிழவருக்குப் பல் இல்லை, ஒவ்வொரு வாயையும் மென்று முடிக்க யுகமானது. பிள்ளைகள் அப்பளத்துக்கு அடித்துக்கொண்டன. மறுபடி போட்டார்கள், மறுபடி சாப்பிட்டார்கள். கை மரத்துப்போய், கயிற்றை மாற்றிப் பிடித்தேன். கழி கிறீச்சிட்டது கேட்டு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, எல்லாரும் துன்னப் போய்ட்டாங்க, நீ மட்டும் குந்திகினு கீற? எறங்கி வா, சோறு கீது."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் விடவில்லை, ஓர் இலையைக் கிழித்துச் சோற்றை வைத்துவிட்டாள். வைத்துவிட்ட பிறகு என்ன செய்வது? இறங்கினேன். புளிச்சோறு. ருசி ஒன்றும் தெரியவில்லை. முழுவதையும் தின்றேன். கிழவர் நான் எந்த ஊர் என்று கேட்டார். இந்த ஊர்தான் என்றேன். வாழ்க்கையில் எந்த ஊரையும் நான் அப்படிச் சொன்னதில்லை.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, மேஸ்திரியிடம் சொல்லாமல் படி வழியாகவே இறங்கினேன். அடிவாரத்தில் பாவா சவாரிக்கு நின்றிருந்தார். வண்டியில் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துப்பியதை, கயிற்றை. பாவா வண்டியை எடுத்து நேராக வீட்டு வாசலில் நிறுத்தினார். அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சாமி கோச்சிகினுச்சின்னு நான் வயித்துல நெருப்ப கட்டிகினு கீறேன். நீ மாத்திரய துப்பிகினு கீற" என்றாள். மாவுக் கையாலேயே என் முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று கிரைண்டர் மறுபடி ஓடவில்லை.

டாக்டர் வருகிற நாள் மறுநாளே இருந்தது. சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்டார். அதுவரை என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். சொன்னதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. திட்டவில்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்த வேண்டிய நேரம் வந்தால் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன் என்றார். ஜெபம் பண்ணுவதைப் பற்றிக் கேட்டேன். பண்ணுங்க, மாத்திரை போட்டுட்டுப் பண்ணுங்க என்றார். என்னைத் தனியாக விட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். மேஸ்திரி என்னைக் கழி ஏற்றாமல் தரையில் கயிறு வெட்ட உட்கார வைத்தார். கிருத்திகை வந்து போனது. அக்கா தனியாகப் போய்க் காவடி எடுத்தாள். மொட்டையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது இன்னும் எங்களுக்குள் அப்படியேதான் இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை, சட்னியில் உப்பு தூக்கலாக இருந்தது. இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அக்கா சாரி சொல்ல வந்தாள், நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு கால்மணி நேரம்தான். தட்டைக் கழுவும்போது அந்தத் தறிக்காரப் பெண்ணின் முகம் வந்தது. எனக்கு நடந்ததெல்லாம் அவளுக்கும் நடந்திருந்தால்? அவளையும் கூப்பிட்டுச் சோறு போடுகிற ஒரு குடும்பம் கீழே உட்கார்ந்திருக்குமா? இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்க சாட்சி சொன்ன அன்னிக்கே மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா என்று மட்டும் கேட்டார். சபைக்குத் தெரிந்தால் விசுவாசத்தில் பலவீனமானவர்களுக்கு இடறலாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான் பொறுக்கிறேன், அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

இருவரும் பஸ் ஏறினோம். அந்த ஊரில் கூட்டம் நடத்தியவரிடம் விசாரித்தோம். யாரைச் சொல்றீங்க என்று யோசித்தார். பிறகு, தறிக்காரங்க தெருவுலயா, அங்க போன மாசம் ஒரு சாவு விழுந்துச்சே என்றார். யார் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு பொம்பளைதான் என்றார். பாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்கா, விழாமல் இருக்கவா தெரியவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அந்தத் தடதடப்பு. நான்கு வீட்டுக் கதவில் நின்று, சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டோம். யாருக்கும் நாங்கள் சொல்வது விளங்கவில்லை.

ஐந்தாவது வீட்டில் அவள் ராட்டினத்தில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வாங்கண்ணா என்றாள். செத்தது எதிர் வீட்டுக்காரரின் அம்மா, வயதானவர் என்று பின்னால் தெரிந்தது. நான் உட்காரவில்லை. அன்று சொன்னது பொய் என்றேன். மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அவள் தறி ஓட்டுகிற புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கள் காதருகே வந்தாள்.

"நான் நிறுத்தலியேண்ணா."

"ஏம்மா?"

"நீங்க பேசச்சொல மைக்க புடிச்ச கை அப்டி ஆடிகினு இருந்துச்சு. நல்லா கீறவருக்கு ஏன் கை ஆடுதுன்னு நெனச்சேன். ஊட்டுக்கு வந்து உங்களுக்காவ வேண்டிகினேன்."

பாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதமாக எனக்குள் இருந்தது எல்லாம் சிரிப்பாக வந்தது, நிறுத்த முடியவில்லை. நான் கழி மேல் ஜெபிக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்த நாட்களில், என் பொய்யைக் கண்டுபிடித்த ஒருத்தி இந்தத் தடதடப்புக்கு நடுவே உட்கார்ந்து எனக்காக வேண்டியிருக்கிறாள். அவள் முதலில் பயந்தாள், பிறகு அவளும் சிரித்தாள். புருஷன் தறியை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். சபை ஆளுங்க என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, எட்டு வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், சபையில் யாருக்கும் தெரியாது என்றார். வர்ற ஞாயிறு நீங்க முதல்ல சொல்லுங்க, பிறகு நான் சொல்றேன் என்றார்.

சொன்னோம். இருவர் சொன்னதற்கும் அல்லேலூயா வரவில்லை. ஒரு குடும்பம் அடுத்த வாரத்திலிருந்து வேறு சபைக்குப் போனது. மூன்று நான்கு பேர் எனக்குக் கை கொடுப்பதை விட்டுவிட்டார்கள். டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று சைக்கிளை எடுக்கும் இடத்தில் ஒருவர் மெதுவாக விசாரித்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை இப்போதும் காலையில் ஒன்று. அந்தச் சோர்வு இனி வராது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில நாள் காலையில் கண் விழித்ததும் அது கதவுக்கு வெளியே நிற்பதுபோல இருக்கும். பாட முடிகிற நாளில் பாடுகிறேன், முடியாத நாளில் மற்றவர்கள் பாடுவதற்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறேன். போன ஞாயிறு சாட்சி நேரத்தில் ஓர் அம்மா எழுந்தார். முட்டி வலியைச் சொன்னார், ஜெபித்ததைச் சொன்னார், இப்போது மண்டியிட முடிகிறது என்றார். பழக்கத்தில் கடைசி வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, பாதியில் என்னைப் பார்த்து நின்றார். "தைலமும் தடவிகினுதான் கீறேன்" என்றார். முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள்ளிருந்தே அல்லேலூயா எழும்பியது. நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.